பட்டியலை விட்டு நீங்காத கீழறை

இரவு ஒன்பதே முக்கால். ஆடி மாதத்துக் கர்க்கடக மழை சற்றே ஓய்ந்திருந்தது. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஓர் ஆள்... ஒரே ஓர் ஆள்... மடக்கிய குடையைக் கையில் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தான். இருமருங்கும் பூட்டிய கிடங்குகள். சுக்கும் மிளகும் நனைந்த சாக்கும் கலந்த நெடி. கிடங்குகளுக்குப் பின்னால் காயல். அது கண்ணுக்குத் தெரியாது. கட்டிவைத்த படகுகள் ஒன்றோடொன்று உரசுவது மட்டும் கேட்கும். க்ரீச்... சற்று ஓய்வு... மறுபடியும் க்ரீச்.

கதவருகில் இருப்பவர் அதைச் சாத்திவிடுங்கள். வழக்கமாக நம்மோடு உட்காரும் தங்கதுரை இன்று வராததும் நல்லதே. வந்திருந்தால் இதைச் சொல்லவிட்டிருக்க மாட்டார். நடந்து போன அந்த ஆள் அவருடைய மைத்துனன், பாண்டியராஜ். ஆண்டு இரண்டாயிரத்து எட்டு.

அந்த ரோட்டின் கோடியில் ஒரு தனியார் கல்லூரி. பெயர் வேண்டாம். பழைய மிளகுக் கிடங்கு ஒன்றின்மேல் இரண்டு மாடிகளை எழுப்பி, அதற்குக் கல்லூரி என்று பலகை மாட்டியிருந்தார்கள். அங்கே கணினி வலையைப் பார்த்துக்கொள்பவன் பாண்டியராஜ். அவனுடைய அப்பாவும் தாத்தாவும் நகராட்சி ஊழியர்கள். இதே ரோட்டைக் கூட்டியவர்கள். அந்தக் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் இவன். ஐந்தாண்டு தற்காலிகமாக இருந்து, அந்த ஏப்ரலில்தான் நிரந்தரமாகியிருந்தான். பொய் சொல்கிறவனுக்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும். காரணம் இருப்பதால் பொய் மெய்யாகிவிடாது.

வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவனை விடுதி மாணவன் ஒருவன் தொலைபேசியில் அழைத்திருந்தான்.

"சார், பிரிண்டர் லிஸ்ட்ல கீழறைன்னு ஒண்ணு காணுது. அதுக்கு அனுப்பினேன். பேப்பர் வந்துடுச்சு சார். ஆனா எதிலேருந்து வந்துச்சுன்னுதான் தெரியலே."

"எங்கே வந்துச்சு?"

"ரெண்டாம் மாடி லேப் வாசல்ல, தரையில. அழகா அடுக்கி வச்சிருந்துச்சு."

பாண்டியராஜ் பாதிக் கஞ்சியில் கை கழுவி எழுந்தான். கீழறை என்னும் அச்சுப்பொறியை மே மாதமே பழைய இரும்புக்காரன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். வயரைப் பிடுங்கிக் கொடுத்தவன் பாண்டியராஜே.

அது என்ன பட்டியல் என்று கேட்பீர்கள். கல்லூரி முழுவதும் கம்பியில்லா இணைப்பு. ஒரு மாணவன் மடிக்கணினியைத் திறந்தவுடன் அது வலையைப் பார்த்துக் கேட்கும்: இவ்வளாகத்தில் அச்சிட்டுத் தருபவர் யார் யார்? டி.என்.எஸ். சர்வர் அதற்கு விடை சொல்லும்: இன்ன பெயர், இன்ன இடம், இன்ன வாசல். பட்டியலில் ஒரு பெயரைத் தொட்டால் போதும். தாள் அங்கே போய் விழும். அந்தப் பதிவுகளை ஒவ்வொன்றாக எழுதி வைத்தவன் பாண்டியராஜ். சர்வர்கள் இரண்டு. முதலாவதில் இவன் எழுதுவான். இரண்டாவது அதைப் பார்த்துப் படி எடுத்துக்கொள்ளும். ஆனால் ஒரு நிபந்தனை. ஒவ்வொரு திருத்தத்தின்போதும் ஏட்டின் தலைப்பில் உள்ள வரிசை எண்ணைக் கூட்டி வைக்க வேண்டும். கூட்டாவிட்டால், புதிதாக ஒன்றுமில்லை என்று எண்ணிக்கொண்டு, இரண்டாவது சர்வர் கேட்பவர்க்கெல்லாம் பழைய விடையையே சொல்லிக்கொண்டிருக்கும்.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் அவன் அந்த எண்ணைக் கூட்டவில்லை.

மறுநாள் ஆய்வுக் குழு வந்தது. இரண்டாம் மாடி அரங்கில் விருந்தினர் ஒருவர் தம் மடிக்கணினியிலிருந்து ஒரு பக்கத்தை அனுப்புவார். அருகிலுள்ள புதிய அச்சுப்பொறியில் அது வரும். எல்லாரும் கை தட்டுவார்கள். ஏற்பாடு அதுதான். அதுவரை 'முதன்மை' என்னும் பெயரில் பட்டியலில் இருந்தது, கிடங்கின் பின்னறையில் கமலாக்ஷி என்னும் ஐம்பத்தாறு வயது அம்மாள் பார்த்துக்கொண்ட பழைய பொறி. முந்தைய நாள் மாலையில் பாண்டியராஜ் அந்தப் பெயரை அரங்கின் பொறிக்கு மாற்றினான். பழையதற்குக் 'கீழறை' என்று புதுப்பெயர் கொடுத்தான். தன் மடிக்கணினியில் சோதித்தான். அது முதல் சர்வரைக் கேட்டது; தாள் ஒழுங்காக வந்தது. வீட்டுக்குப் போய்விட்டான்.

விருந்தினரின் மடிக்கணினி இரண்டாவது சர்வரைக் கேட்டது.

பொத்தானை அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. யாரோ இருமினார்கள். அலுவலகக் கண்காணிப்பாளர் சிவராமகிருஷ்ணன் பாண்டியராஜின் காதருகே குனிந்தார்.

"என்னடா இது, மானம் போறதே!"

"கீழே யாரோ வயரை மாத்திட்டாங்க சார்."

வாயில் வந்தது, சொல்லிவிட்டான். அப்போதுதான் படிகளில் செருப்போசை. சரக்... சரக்... வாசலில் கமலாக்ஷி வந்து நின்றார். முகமெல்லாம் வியர்வை. ஒரு கை நெஞ்சைப் பிடித்திருந்தது. மறு கையில் இரண்டு தாள்கள்.

"இது இங்கே வேண்டிய பேப்பர் அல்லே மோனே? என் மெஷின்ல வந்துச்சு. காத்திருப்பீங்கன்னு ஓடி வந்தேன்."

"மாத்தாம எப்படிம்மா உங்க மெஷின்ல வரும்?" என்றார் சிவராமகிருஷ்ணன்.

"நான் ஒண்ணும் தொட்டதில்ல சாரே. பாண்டியராஜைக் கேளுங்க. அவனுக்குத் தெரியும்."

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்தான். பிறகு தலையை ஆட்டினான்... அந்த அம்மாள் சொன்னதற்கு அல்ல, கண்காணிப்பாளர் சொன்னதற்கு.

மறுநாள் எழுத்திலும் கொடுத்தான். கமலாக்ஷியின் கோப்பில் 'கவனக்குறைவு' என்று ஏறியது. வாயால் சொன்னால் அதற்குப் பொய் என்று பெயர். தாளில் எழுதி முத்திரை குத்திவிட்டால் அறிக்கையாம்! முப்பத்தோராண்டு அந்த அறையில் நின்றுகொண்டே வேலை பார்த்த ஒருவரை, ஓர் ஆள்கூட நிறுத்தி, நடந்தது என்ன என்று கேட்கவில்லை. பத்தொன்பதாம் நாள் அவர் இறந்துபோனார். நெஞ்சுவலி.

அரங்கில் மானம் போன அன்றிரவே பாண்டியராஜ் தனியாக உட்கார்ந்து சர்வரைத் திறந்து பார்த்திருந்தான். எண் கூடவில்லை. கூட்டினான். எல்லாம் சரியாயிற்று. வாயை மூடிக்கொண்டான்.

சரி... அந்த மழையிரவுக்கு வருவோம்.

வாசலில் காவற்காரன் ஷாஜி கதவைத் திறந்துவிட்டான்.

"என்ன சேட்டா, ராத்திரியிலயும் கம்ப்யூட்டருக்குத் தாலாட்டா?"

"மேலே யாராவது இருக்காங்களா?"

"ஒரு பூனைகூட இல்லே. ஃப்ளாஸ்க்ல சாயா இருக்கு, குடிச்சிட்டுப் போங்க. முகமே சரியில்லையே."

குடிக்கவில்லை. கீழறையின் கதவு வழியிலேயே இருந்தது. பூட்டியிருந்தது. அதைத் திரும்பிப் பார்க்காமல் இரண்டு மாடியும் ஏறி, ஆய்வுக்கூடத்தை அடுத்த சர்வர் அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டான். முதல் சர்வரைத் திறந்தான். கீழறை என்னும் பதிவு இல்லை. இரண்டாவதைத் திறந்தான். அதிலும் இல்லை. வரிசை எண் இரண்டிலும் ஒன்றே. எழுதி வைக்காத ஒன்றைப் பட்டியல் எங்கிருந்து எடுக்கும்? மடிக்கணினியைத் திறந்தான்.

முதன்மை. நூலகம்... கீழறை.

சோதனைப் பக்கம் ஒன்றை அனுப்பினான்.

சில நொடி ஒன்றுமில்லை. பிறகு கீழே, வெகு கீழே, ஒரு முனகல். அச்சுப்பொறி சூடேறும் முனகல். உருளை சுழன்றது. தாள் ஒன்று தட்டில் வந்து விழுந்தது. இரண்டு மாடிக்கு மேலே, மூடிய கதவுக்குள், அது அவனுக்குக் கேட்டது.

பிறகு... சரக். சரக். சரக்.

ரப்பர் செருப்பு. படியேறுகிறது. ஏழெட்டுப் படிக்கு ஒருமுறை நிற்கிறது. நிற்கும்போது மூச்சு கேட்கிறது. இழுக்கையில் சீழ்க்கைபோல, விடுகையில் தேம்பல்போல. முதல் மாடித் திருப்பம். மறுபடியும் சரக்... சரக்... ஆய்வுக்கூட வாசலைக் கடந்து, சர்வர் அறைக் கதவுக்கு வெளியே நின்றது.

கதவின் அடியிடுக்கில் ஒரு தாள் மெல்ல உள்ளே நுழைந்தது. பாதி வந்து நின்றது. பிறகு மீதியும் வந்தது.

தொட்டுப் பார்த்தான். சூடு. அதில் காய்ச்சிய எண்ணெய் மணம்... துளசி போட்டுக் காய்ச்சிய எண்ணெய், குளித்த கூந்தலில் மணக்குமே, அந்த மணம். கதவைத் திறந்தான். எவருமில்லை. நீண்ட தாழ்வாரம். கோடியில் கண்காணிப்பாளரின் பூட்டிய அறை. அவ்வளவுதான்.

மறுநாள் செவ்வாய். அவன் செய்யாதது ஒன்றுமில்லை. இல்லாத பதிவை நீக்க ஆணை கொடுத்தான். இரு சர்வர்களையும் அணைத்து மறுபடியும் இயக்கினான். மாலையில் கம்பியில்லா இணைப்பையே நிறுத்தினான். உடனே சிவராமகிருஷ்ணன் கூப்பிட்டுக் கத்தினார்: தேர்வு தள்ளிப்போய், இறுதியாண்டு மாணவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் திட்ட அறிக்கை தரவேண்டிய வாரத்தில் இது என்ன கூத்து? மறுபடியும் திறந்துவிட்டான். கீழறைக்கு அனுப்பாதீர்கள் என்று ஓர் அறிவிப்பை ஒட்டினான். மாணவர்கள் சிரித்தார்கள்.

"மத்த பிரிண்டர்ல க்யூ நிக்கணும் சார். கீழறையிலே அனுப்பினா நீங்களே மேலே கொண்டாந்து வச்சிடுறீங்க. சூப்பர் சர்வீஸ்!"

புரிகிறதா? அவர்கள் விளையாட்டாக ஒரு பொத்தானை அழுத்துகிறார்கள். அங்கே ஒருவர் படியேறுகிறார்.

புதன்கிழமை பகலில் கமலாக்ஷியின் மகள் மஞ்சுஷா அலுவலகத்துக்கு வந்தாள். பணியில் இருக்கும்போதே இறந்தவரின் வீட்டில் ஒருவருக்கு வேலை கொடுப்பது அக்கல்லூரியின் வழக்கம். ஆனால் கோப்பு சுத்தமாக இருக்க வேண்டும். அவளுடைய விண்ணப்பம் வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழுவுக்குப் போகிறது. மேலே இணைத்த தாளில் 'கவனக்குறைவு' இருக்கிறது. போய், தள்ளுபடியாகித் திரும்பி வரும். அது எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். மாடிப்படி அருகே பாண்டியராஜைப் பார்த்தவுடன் நின்றாள்.

"சேட்டா, ஒண்ணு கேக்கட்டுமா? அம்மா அந்த வயரைத் தொட்டிருப்பாளா? வேற யாரும் நேராச் சொல்ல மாட்டேங்கிறாங்க. உங்களுக்குத்தானே அதெல்லாம் தெரியும்."

"அது... ஃபைல்ல இருக்குறதுதான் மஞ்சு."

"டாக்டர் படியே ஏறக்கூடாதுன்னு சொல்லியிருந்தார். அப்புறமும் ஓடியிருக்கா. கடைசி நாள் வரைக்கும் ஒரே பேச்சு, 'பேப்பரைக் கொண்டு கொடுத்தது தப்பாடி?'ன்னு. நான் தப்பில்லேன்னுதான் சொன்னேன். அவ நம்பலே."

அவன் ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லி நகர்ந்துவிட்டான். அன்று முழுவதும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இறங்கக் கூடாதுதான்.

வியாழன் இரவு. மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. எட்டு மணிக்குச் சர்வர் அறையில் போய் உட்கார்ந்தவன் எழவில்லை. பத்து மணி சுமாருக்குக் கீழே முனகல் தொடங்கியது. எவனோ ஒருவன் தன் அறிக்கை முழுவதையும் கீழறைக்கு அனுப்பியிருந்தான். எண்பத்து நான்கு பக்கம்.

முதல் தாள் விழுந்தது. சரக்... சரக்... இரண்டு மாடியும் ஏறி வந்து, ஆய்வுக்கூட வாசலில் ஒரு தாளை வைக்கும் மெல்லிய ஓசை. பாண்டியராஜ் மூச்சு விட்டான். இரண்டாம் தாள் விழுந்தது. மறுபடியும், அடியிலிருந்து... சரக்.

சேர்த்து எடுத்து வரவில்லை. ஒவ்வொரு தாளுக்கும் ஒருமுறை.

பதினோராவது முறை அவன் கதவைத் திறந்துகொண்டு தாழ்வாரத்தில் நின்று கத்தினான். "போதும் சேச்சி! வேண்டாம்! நான் வந்து எடுத்துக்கிறேன்!" செருப்போசை அவனைக் கடந்து போயிற்று. காற்றுகூட அசையவில்லை. எண்ணெய் மணம் மட்டும் முகத்தருகே வந்து விலகியது. கூடவே அந்த மூச்சு... இழுப்பு, சீழ்க்கை, தேம்பல். முப்பதாவது தாளில் முதல் மாடித் திருப்பத்தில் ஓசை நின்றது. வெகுநேரம் நின்றது. முடிந்துவிட்டது என்று நினைத்தான்... ஒரு செருப்பு, அடுத்த படியைத் தேடுவதுபோல், மெதுவாக உரசியது.

அவன் உள்ளே ஓடி, மடிக்கணினியை இழுத்துக் கடிதம் எழுதத் தொடங்கினான். மலையாளத்தில் எழுதினான், தமிழைவிட அதுதான் அவனுக்குக் கைவந்தது. நான் தமிழில் சொல்கிறேன்.

'மார்ச் மாதம் அரங்கில் தாள் வராததற்குக் காரணம் கமலாக்ஷி அல்லர், நான். வரிசை எண்ணைக் கூட்டத் தவறியவன் நான். அவர் எந்த வயரையும் தொடவில்லை. அன்றிரவு சர்வரைத் திறந்து பார்த்தபோதுதான் என் பிழை எனக்குத் தெரிந்தது. தெரிந்த பின்னும் சொல்லாமல் இருந்தது என் குற்றம். அவருடைய கோப்பில் உள்ள பதிவை நீக்க வேண்டுகிறேன்.'

பட்டியலில் 'முதன்மை'யைத் தொட்டு அனுப்பினான். அந்த அச்சுப்பொறி எதிரே அரங்கில் இருந்தது. ஓடிப்போய் அதன் முன் நின்றான். விளக்கு பச்சையாக எரிந்தது. தாள் வரவில்லை.

கீழே அதுவரை விடாமல் ஓடிய உருளை நின்றது. ஒரு நொடி ஓய்வு. மறுபடியும் சுழன்றது. ஒரே ஒரு தாள் விழுந்தது.

அவன் சர்வர் அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். செருப்போசை ஏறி வந்தது. இம்முறை எங்கும் நிற்கவில்லை. மூச்சு வாங்கவும் இல்லை. அவன் முதுகுக்குப் பின்னால் வந்தது. அடியிடுக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

நிற்காமல் கடந்து போயிற்று. தாழ்வாரத்தின் கோடிவரை போயிற்று. கோடியில் இருப்பது ஓர் அறைதான்.

விடியும்வரை அவன் கதவைத் திறக்கவில்லை.

வெள்ளி காலை பத்து மணி. நல்ல வெயில். சிவராமகிருஷ்ணன் ஆள் அனுப்பியிருந்தார். அவருடைய மேசைமேல் ஒரு தாள்.

"என் ரூம் சாவி என்கிட்டத்தான் இருக்கு. இது உள்ளே எப்படி வந்துதுன்னு நான் கேக்கப் போறதில்லே. நீ எழுதினதா?"

"நான்தான் சார்."

"படிச்சுப் பாரு. படிச்சிட்டுக் கையெழுத்துப் போடு. போட்டா உன் வேலை போகும். அதையும் இப்பவே சொல்லிடறேன்."

பின்னால் நடந்தவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கமலாக்ஷியின் கோப்பில் இருந்த வரியை அன்று மாலையே அடித்து நீக்கினார்கள். மஞ்சுஷாவுக்கு வேலை கிடைத்தது. பாண்டியராஜுக்குப் போயிற்று, இப்போது காக்கநாட்டில் யாரோ ஒருவர் கடையில் பழைய கணினிகளைப் பழுது பார்க்கிறான். பட்டியலில் கீழறை அதற்குப் பிறகு வரவில்லை. இவ்வளவையும் தங்கதுரையே உங்களுக்குச் சொல்லியிருப்பார். அவர் சொல்லாதது, கையெழுத்துப் போடுவதற்கு முன் நடந்தது.

பாண்டியராஜ் தாளை எடுத்துப் படித்தான். அவனுடைய சொற்கள்தாம். அவனுடைய வாக்கியங்கள்தாம். நான்காம் வாக்கியத்தில் கண் நின்றது.

'கமலாக்ஷி தாள்களோடு மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றபோதே என் பிழை எனக்குத் தெரிந்தது.'

அவன் இதை எழுதவில்லை. கையோடு கொண்டுவந்திருந்த மடிக்கணினியைத் திறந்து பார்த்தான். அதில் 'அன்றிரவு' என்றுதான் இருந்தது. இந்த வரியை அவன் அதுவரை எவரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம் சொன்னதில்லை, தனியே இருக்கும்போது தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் அந்த இரண்டு தாள்களைக் கண்ட கணத்தில், வரிசை எண் அவன் கண்முன் வந்து நின்றது மெய். வந்து நின்ற பிறகுதான் அவன் தலையை ஆட்டினான்.

"என்ன, அப்படியே பாத்துண்டிருக்கே? அதுல இருக்கறதெல்லாம் நெஜந்தானே?"

சிவராமகிருஷ்ணன் பேனாவை நீட்டினார். அவன் வாங்கவில்லை. சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்வது கேட்டது.

"நெஜந்தான் சார்" என்றான். "எல்லா வரியும்."

கதவுக்கு வெளியே, மிக அருகில், யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள்.

சிவராமகிருஷ்ணன் நிமிர்ந்தார். "யாரது?"

தாழ்வாரத்தில் செருப்போசை எழுந்தது. மாடிப்படியை அடைந்தது. அத்தனை இரவுகளிலும் அது ஏறுவதைத்தான் பாண்டியராஜ் கேட்டிருந்தான். ஒருமுறையேனும் இறங்கக் கேட்டதில்லை.

அது இறங்கத் தொடங்கியது. மெதுவாக... ஒவ்வொரு படியாக... கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்குகிறவர்போல.